மூழ்கும் கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்சியாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் பயிற்சியாளரை நீக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்தவரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கிளப் நிர்வாகங்கள் அந்த ஐந்து நிமிட வேலையை மாதக்கணக்கில் யோசிக்கின்றன, பெரும்பாட்டை நான்கு நாளில் முடித்துவிடுகின்றன. இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கைப் பல ஆண்டுகளாக ராத்திரி கண்விழித்துப் பார்த்துவரும் எனக்கு இது இன்னும் ஆறாத எரிச்சல். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் 2022-23 பருவத்தைச் சேர்ந்தவை.

ஏன் குறிப்பாக 2022-23?

இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய எல்லாமே அந்த ஒரே பருவத்தில் நடந்தன. 20 அணிகளில் கடைசி மூன்று கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால், அடிமட்ட அணிக்குக்கூட ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் தரும் லீக் பணம் கையை விட்டுப் போகும். அந்தப் பயத்தில் எவர்டன், லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன் நான்கும் பருவத்தின் நடுவில் பயிற்சியாளரை மாற்றின. எவர்டன் 36 புள்ளிகளோடு 17ஆம் இடத்தில் தப்பியது. லெஸ்டர் 34, லீட்ஸ் 31, சவுத்தாம்ப்டன் 25 என மற்ற மூன்றும் இறங்கின. போர்ன்மவுத், வுல்வ்ஸ், ஆஸ்டன் வில்லா, கிரிஸ்டல் பாலஸ் ஆகியவையும் ஆளை மாற்றின. அவை எல்லாம் பிழைத்துக்கொண்டன. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மாற்றவே இல்லை, அதுவும் பிழைத்தது. பாடம் படிக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

மேனேஜர், தலைமைப் பயிற்சியாளர் – இரண்டும் ஒன்றா?

முன்பு இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் வீரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சி, ஆட்டத்திட்டம் எல்லாம் ஒருவர் கையில். இன்று வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் விளையாட்டு இயக்குநரின் பொறுப்பு. பயிற்சியாளரோ தனக்குக் கொடுக்கப்பட்ட வீரர்களை வைத்தே ஆடவைக்க வேண்டும். பேச்சுவழக்கில் பழைய பெயரே ஓடுகிறது. ஆளைத் தேடும்போது மட்டும் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. வீரர்களைத் தவறாக வாங்கியவர் இயக்குநர் என்றால், பயிற்சியாளரை மாற்றி என்ன பயன்? புதியவரும் அதே வீரர்களோடுதான் மல்லுக்கட்டுவார்.

மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டா, வெறும் பிரமையா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எந்தப் பயிற்சியாளரையும் நன்றாக ஆடும்போது நீக்குவதில்லை. மிக மோசமான நான்கைந்து ஆட்டங்களுக்குப் பிறகே நீக்குகிறார்கள். அவ்வளவு மோசமான ஓட்டம் தானாகவே கொஞ்சம் சரியாகும்; காயம்பட்டவர் திரும்புவார், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து உள்ளே போகும். அந்த நேரம் பார்த்துப் புதியவர் வந்து நின்றால் புகழ் முழுக்க அவருக்கு. பாஸ் தேர் வேல் என்ற டச்சுப் பொருளியலாளர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை வைத்து இதை ஆராய்ந்தார். ஆளை மாற்றிய அணிகள் மீண்டன, உண்மைதான். ஆனால் அதே அளவு சரிவைச் சந்தித்தும் ஆளை மாற்றாத அணிகளும் அதே போல மீண்டன.

இந்தக் கணக்கு கண்ணெதிரே நடந்ததற்குக் கிரிஸ்டல் பாலஸைப் பாருங்கள். 2023 பிறந்ததிலிருந்து ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை என்று மார்ச் 17 அன்று பேட்ரிக் வியேராவை நீக்கினார்கள். 75 வயது ராய் ஹாட்ஜ்சன் ஓய்விலிருந்து திரும்பினார். முதல் மூன்று ஆட்டங்களும் வெற்றி! லண்டனே கொண்டாடியது. சரி, அந்த மூன்று ஆட்டங்கள் யாரோடு? லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன். பருவ முடிவில் இறங்கிய அதே மூன்று அணிகள். வியேரா அந்த ஆண்டில் மோதியதெல்லாம் மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் (இரண்டு முறை), லிவர்பூல், நியூகாஸில், பிரைட்டன் போன்ற அணிகளோடு. ஹாட்ஜ்சனைக் குறைத்துச் சொல்லவில்லை. 10 ஆட்டங்களில் 18 புள்ளி யாருக்கும் சும்மா கிடைக்காது. தாக்குதல் வீரர்களான எஸேயும் ஒலீஸேயும் அவர் கையில் இன்னும் சுதந்திரமாக ஆடினார்கள். ஆனால் நீக்குவதற்கு முன் வரவிருந்த அட்டவணையை யாராவது விரல்விட்டு எண்ணியிருந்தால், வியேராவுக்கும் அந்தப் புள்ளிகளில் பாதியாவது கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

இதற்கு நேர்மாறாக வில்லா. 2022 அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டை நீக்கியபோது 11 ஆட்டங்களில் 9 புள்ளி. உனாய் எமெரி வந்தபின் 25 ஆட்டங்களில் 49 புள்ளி, இறுதியில் 7ஆம் இடம். அட்டவணையின் தயவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆகவே பதில்: சராசரியாகப் பார்த்தால் பலன் சொற்பம், சரியான ஆள் கிடைத்தால் பலன் மிகப் பெரிது. சராசரியான ஆளை வைத்துக்கொண்டு எமெரியைக் கனவு காண்பதுதான் பெரும்பாலான கிளப்புகளின் நோய்.

எப்போது நீக்குவது?

ஓர் ஆட்டத்தின் கோல் எண்ணிக்கையைப் பார்த்து நீக்கக்கூடாது. சவுத்தாம்ப்டனின் ரால்ஃப் ஹாசன்ஹூட்ல் 0-9 என்று ஒரு முறை அல்ல, இரண்டு முறை தோற்றவர்: 2019இல் லெஸ்டரிடம், 2021இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம். இரண்டு முறையும் வேலை தப்பியது. முதல் தோல்வி நடந்த பருவத்தில் அணி 11ஆம் இடத்தில் முடித்தது. போர்ன்மவுத்தோ 2022 ஆகஸ்டில் லிவர்பூலிடம் 0-9 தோற்ற மூன்றாம் நாள் ஸ்காட் பார்க்கரை வீட்டுக்கு அனுப்பியது. பருவம் தொடங்கி நான்கே ஆட்டங்கள்! ஆனால் அங்கே கோல்களைவிட வாய்தான் காரணம். இந்த அணி இந்த லீக்குக்குப் போதாது என்று பார்க்கர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். முதலாளி காதில் விழும்படி கடைச்சரக்கைக் குறை சொன்ன கதை.

தாமதத்துக்கு லெஸ்டர் உதாரணம். முதல் ஏழு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. பிரெண்டன் ராஜர்ஸை அப்போதே மாற்றியிருக்கலாம். அல்லது கடைசிவரை நம்பியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஏப்ரல் 1 அன்று ஹாட்ஜ்சனின் பாலஸிடம் கடைசி நிமிடக் கோலில் தோற்று, மறுநாள் நீக்கினார்கள். மீதி 10 ஆட்டங்கள். அடுத்த ஆள் தயாராக இல்லாததால் அதிலும் இரண்டை இடைக்கால உதவியாளர்களிடம் விட்டு, இரண்டையும் தோற்றார்கள். டீன் ஸ்மித் வந்தபோது மிச்சம் எட்டே ஆட்டங்கள். அவர் 9 புள்ளி சேர்த்தார், அது மோசமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

தேடலை எங்கே தொடங்குவது?

நோயிலிருந்து. ‘யார் கிடைப்பார்’ என்பது இரண்டாவது கேள்வி. ‘நமக்கு என்ன குறை’ என்பதே முதல் கேள்வி. கோல் வாங்குகிறோமா, கோல் அடிக்கவில்லையா? ஓட்டம் போதவில்லையா, வீரர்கள் பயிற்சியாளர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டார்களா?

எவர்டனின் 2023 ஜனவரியை நெருங்கிப் பார்ப்போம். 20 ஆட்டம், 15 புள்ளி, 19ஆம் இடம். ஜனவரி 23 அன்று ஃபிராங்க் லாம்பார்ட் நீக்கம். பேச்சு இரண்டு துருவங்களோடு நடந்தது. ஒருவர் அர்ஜெண்டினாவின் மார்செலோ பியெல்சா: முழு மைதானத்திலும் எதிராளியை விரட்டி விரட்டி ஆடவைப்பவர், அதற்கு வீரர்களைத் தயார்செய்ய மாதக்கணக்கில் காலம் கேட்பவர். இன்னொருவர் ஷான் டைச்: பர்ன்லி என்ற சிறிய கிளப்பை ஏறத்தாழ பத்தாண்டுகள் நடத்தியவர், நேரான தற்காப்பு, பக்கவாட்டிலிருந்து பந்து, பெட்டிக்குள் உயரமான ஆள். பியெல்சா வந்திருந்தால் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஆனால் 18 ஆட்டம் மிச்சமிருக்கும் அணிக்கு மாதக்கணக்கு எங்கே இருக்கிறது? ஜனவரி 30 அன்று டைச் கையெழுத்திட்டார்.

இப்போது அவருடைய முதல் ஆட்டம், பிப்ரவரி 4. எதிரே லீக்கில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல். 60ஆம் நிமிடம். டுவைட் மெக்நீல் கார்னர் அடிக்கிறார், ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி தலையால் முட்டிக் கோல். அடித்தவர், முட்டியவர் இருவரும் பர்ன்லியில் டைச் கையால் வளர்ந்தவர்கள். எவர்டன் அதற்கு முந்தைய கோடையிலேயே இருவரையும் சேர்த்து வைத்திருந்தது. அதாவது டைச் ஆட நினைக்கும் ஆட்டத்துக்கான ஆட்கள் ஏற்கெனவே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். லாம்பார்டின் கடைசி வாரங்களில் ஓரங்கட்டப்பட்டிருந்த அப்துலாயே தூகூரேயையும் டைச் நடுகளத்துக்குத் திரும்ப அழைத்தார். எஞ்சிய 18 ஆட்டங்களில் ஐந்து வெற்றி. அவற்றில் நான்கு 1-0. அழகான கால்பந்தா? இல்லவே இல்லை. அந்த நான்கு ஒற்றைக் கோல்களுக்கு 12 புள்ளி.

கடைசி நாள் மே 28. நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு எவர்டன், லெஸ்டர், லீட்ஸ் ஆடிய மூன்று ஆட்டங்களும் ஒன்றாகத் தொடங்கின. நான் தொலைக்காட்சியில் ஒன்றும் கைப்பேசியில் இரண்டுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லெஸ்டர் இடைவேளைக்கு முன்பே முன்னிலை. அந்தக் கணத்தில் எவர்டன் 18ஆம் இடத்தில், அதாவது கீழே. 57ஆம் நிமிடம் பெட்டிக்கு வெளியே எகிறி வந்த பந்தைத் தூகூரே அப்படியே உதைத்தார். மீண்டும் 1-0. பத்து நிமிடக் கூடுதல் நேரம் முடிவதற்குள் எனக்கே வியர்த்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் நிலையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்படியானால் டைச் நல்ல பயிற்சியாளர், ஸ்மித் மோசமானவர் என்று பொருளா?

அவசரப்படாதீர்கள். மே 1 அன்று லெஸ்டரும் எவர்டனும் மோதின. லெஸ்டர் 2-1 முன்னிலை. இடைவேளைக்குச் சற்று முன் லெஸ்டருக்குப் பெனால்டி. ஜேம்ஸ் மேடிசன் நடுவில் அடித்தார். கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு நகராமல் நின்று தடுத்துவிட்டார். ஆட்டம் 2-2 என முடிந்தது. அந்தப் பெனால்டி உள்ளே போய் லெஸ்டர் வென்றிருந்து, மற்ற முடிவுகள் அப்படியே இருந்திருந்தால், இறுதிக் கணக்கு லெஸ்டர் 36, எவர்டன் 35. நாம் இன்று ஸ்மித்தைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருப்போம். பயிற்சியாளரின் திறமையை அளக்கும்போது இந்த ஒரு பந்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் நீக்கிவிட்டுப் பிறகு நிதானமாகத் தேடலாமே?

லீட்ஸ் அதைத்தான் செய்தது. 2023 ஜனவரியில் ஜெஸ்ஸி மார்ஷின் பாணிக்கு ஏற்றபடி ஆட்களை அள்ளியது: கிளப்பின் சாதனை விலைக்கு ஜார்ஜினியோ ருட்டர், மார்ஷ் முன்பு பணியாற்றிய சால்ஸ்பர்கிலிருந்து மாக்ஸ் வூபர், யுவென்டஸிலிருந்து கடனாக அமெரிக்கர் வெஸ்டன் மெக்கென்னி. வீரர்களை வாங்கும் காலம் ஜனவரி 31 அன்று மூடியது. பிப்ரவரி 6 அன்று மார்ஷை நீக்கினார்கள்! ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு ஆளை மாற்றுவது என்பது இதுதான்.

பிறகு தேடல். ஸ்பெயினில் ராயோ வாயேகானோவின் அந்தோனி இராவோலாவைக் கேட்டார்கள். கிளப் விட மறுத்தது. நெதர்லாந்தில் ஃபெயனூர்டின் பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட் பெயர் அடிபட்டது, அவர் வரவில்லை. முன்பு லீட்ஸில் உதவியாளராக இருந்த கார்லோஸ் கோர்பெரான் வெஸ்ட் பிராமில் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். பிப்ரவரி நடுவில், நல்ல வேலையில் இருக்கும் எவர் மூழ்கும் படகில் ஏறுவார்? இரண்டு வாரம் கழித்து ஹவி கிராசியா வந்தார். ஏப்ரலில் மட்டும் லீட்ஸ் 23 கோல் வாங்கியது. பிரீமியர் லீக்கில் ஒரே மாதத்தில் எந்த அணியும் அவ்வளவு வாங்கியதில்லை. மே 3 அன்று அவரும் போய், நான்கு ஆட்டங்களுக்காகச் சாம் அலர்டைஸ் வந்தார். நான்கில் ஒரே புள்ளி.

இதில் சிரிப்பும் அழுகையும் கலந்த செய்தி: அந்தப் பட்டியல் தவறானது அல்ல. இராவோலாவும் ஸ்லாட்டும் பின்னாளில் இங்கிலாந்துக்கு வந்து பெயர் வாங்கினார்கள். ஸ்லாட் 2024-25இல் லிவர்பூலுக்கு லீக் பட்டமே வென்று கொடுத்தார். ஆளைச் சரியாகக் கண்டுகொண்டார்கள், கேட்ட நேரம்தான் தவறு. பட்டியலைத் தூசி தட்டி எப்போதும் தயாராக வைத்திருக்கும் கிளப்புக்குப் பிரைட்டனைச் சொல்லலாம். 2022 செப்டம்பர் 8 அன்று கிரஹாம் பாட்டரைச் செல்சி தூக்கிக்கொண்டு போனது. பத்தாம் நாள் ராபர்டோ டி செர்பி பதவியேற்றார், அணி 6ஆம் இடத்தில் முடித்தது.

வேறு கிளப்பில் வேலையில் இருப்பவரை எப்படிக் கொண்டுவருவது?

பணம் கொடுத்து. பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை எழுதியிருந்தால் அதைக் கட்டிவிட்டு அழைத்துக்கொள்ளலாம். வில்லா எமெரியை வில்யாரியாலிலிருந்து அப்படித்தான், ஜெரார்டு போன நான்காம் நாளே, உறுதிசெய்தது. தொகை எழுதப்படாவிட்டால் அந்தக் கிளப்பின் சம்மதம் வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியருக்கும் வேலை அனுமதி வாங்க வேண்டியிருப்பதால், அறிவித்த நாளுக்கும் பொறுப்பேற்கும் நாளுக்கும் இடைவெளி விழுகிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சில சமயம் காத்திருப்பதும் கைகொடுக்கும். வுல்வ்ஸ் அக்டோபரில் ஹுலென் லோபெதெகியை அழைத்தபோது, தந்தை உடல்நலமின்றி இருக்கிறார் என்று அவர் மறுத்தார். கிளப் இடைக்காலப் பயிற்சியாளரை வைத்து ஓட்டியது. நவம்பரில் லோபெதெகி வந்தார். உலகக் கோப்பைக்காக லீக் நின்றிருந்த ஆறு வாரம் அவருக்குப் பயிற்சிக்காலமாக வாய்த்தது. கடைசி இடத்தில் இருந்த அணி 41 புள்ளியோடு 13ஆம் இடத்துக்கு வந்தது.

கீழ்ப்பிரிவில் சாதித்த இளையவர் ஒருவருக்கு வாய்ப்புக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஜாதகத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சவுத்தாம்ப்டன் 2022 நவம்பரில் லூட்டனிலிருந்து நேதன் ஜோன்ஸை அழைத்து வந்தது. லூட்டனில் அவர் செய்தது உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் இடையில் 2019இல் ஸ்டோக் சிட்டிக்குப் போய் 38 ஆட்டங்களில் 6 வெற்றி மட்டும் பெற்று நீக்கப்பட்டவர். தானே செதுக்கிய சின்ன வீட்டில் ராஜா, மற்றவர் கட்டிய பெரிய வீட்டில் தடுமாற்றம் என்று அந்த எண்ணே சொல்லியது. சவுத்தாம்ப்டனில் எட்டு லீக் ஆட்டங்களில் ஏழு தோல்வி. பத்துப் பேரோடு ஆடிய வுல்வ்ஸிடம் சொந்த மைதானத்தில் தோற்றதோடு கதை முடிந்தது.

லூட்டன் என்ன ஆனது? வாட்ஃபர்டு பத்தே லீக் ஆட்டங்களில் தூக்கியெறிந்த ராப் எட்வர்ட்ஸை அழைத்துக்கொண்டது. வாட்ஃபர்டு அவர்களுடைய பரம எதிரி என்பது கூடுதல் ருசி. சவுத்தாம்ப்டன் கீழே இறங்கிய அதே மே மாதம் லூட்டன் பிரீமியர் லீக்குக்கு ஏறியது.

உள்ளே இருக்கும் உதவியாளரையே உட்காரவைத்தால்?

மலிவு, வேகம், வீரர்களைத் தெரியும். போர்ன்மவுத்தில் கேரி ஓ’நீல் அப்படி வந்து முதல் ஆறு லீக் ஆட்டங்களில் தோற்காமல் நின்றார். ஒரே சிக்கல் சான்றிதழ்: ஐரோப்பாவின் முதல்நிலை லீக்குகளில் யூஃபா (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) தரும் புரோ உரிமம் கேட்பார்கள். பிரான்சில் ரான்ஸ் கிளப் 2022 அக்டோபரில் வில் ஸ்டில் என்ற இளைஞரை நியமித்தது. அவரிடம் அந்த உரிமம் இல்லை. ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம்! கட்டினார்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும். அணி 11ஆம் இடத்தில் முடித்தது. மிச்சப்பட்ட சம்பளத்தில் அபராதம் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘தீயணைப்பு வீரர்’ என்று பெயரெடுத்த பழைய ஆட்களைக் கூப்பிடுவது?

பத்து ஆட்டம் இருந்தால், அதுவும் அந்த ஊரை அறிந்தவராக இருந்தால், கூப்பிடலாம். ஹாட்ஜ்சன் அதற்குச் சாட்சி. நான்கு ஆட்டத்துக்குக் கூப்பிடுவது சாமிக்கு வேண்டிக்கொள்வது போல.

எத்தனை ஆண்டு ஒப்பந்தம் கொடுப்பது?

அவருக்கு நீண்டகாலம் வேண்டும், கிளப்புக்குக் குறுகியகாலம் வேண்டும். பல பேச்சுகள் உடைவது இங்கேதான். லீட்ஸ் நீக்கிய மார்ஷோடு சவுத்தாம்ப்டன் பேசியது, ஒப்பந்தக் காலத்தில் உடன்பாடு வரவில்லை என்று அப்போது செய்தி வந்தது. நடுவழியாக, இறங்கினால் சம்பளம் குறையும், தப்பினால் ஊக்கத்தொகை என்று எழுதுகிறார்கள். நீக்கினால் எவ்வளவு தர வேண்டும் என்பதையும் வரும்போதே எழுதிவிடுவது இருவருக்கும் நிம்மதி. பெரும் இழப்பீட்டுக்குப் பயந்து வேண்டாத ஆளை வைத்துக்கொண்டிருக்கும் கிளப்புகள் ஏராளம்.

மாற்றாமலே இருந்தால் என்ன?

ஃபாரஸ்ட் 2022 அக்டோபரில் லெஸ்டரிடம் 0-4 தோற்றுக் கடைசி இடத்தில் கிடந்தது. எல்லாரும் ஸ்டீவ் கூப்பரின் நீக்க அறிவிப்புக்குக் காத்திருந்தபோது, நான்காம் நாள் அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். 20க்கும் மேற்பட்ட புது வீரர்களை ஒரே கோடையில் வாங்கிக் குவித்துவிட்டு, அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் முன்பே பயிற்சியாளரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். 38 புள்ளி, 16ஆம் இடம்.

இதன் உச்சம் லெஸ்டர் 2014-15. பருவத்தில் 140 நாள் கடைசி இடம். நைஜல் பியர்சனை நீக்கவில்லை. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழு வெற்றி, 14ஆம் இடம். மறு பருவம் அதே வீரர்களில் பெரும்பாலோர் லீக் பட்டத்தையே வென்றார்கள். ஆனால் அப்போது பியர்சன் இல்லை. கோடையில் நீக்கிவிட்டு கிளாடியோ ரானியேரியை அழைத்திருந்தார்கள். இந்தக் கதையை எந்தக் கட்சிக்காரரும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இப்படி நடந்ததுண்டா?

சென்னையின் எஃப்சி, 2019-20. இரண்டு ஆண்டுக்கு முன் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்று கொடுத்த ஜான் கிரிகரி, ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றி, 5 புள்ளியோடு பிரிந்தார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். பர்ன்லியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர், பிறகு போல்டனில் இறக்கத்தையும் பார்த்தவர். வெளிநாட்டு வீரர்கள் தவறான தேர்வு என்று அதுவரை நாம் திட்டிக்கொண்டிருந்தோம். அதே வல்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ. கோய்ல் அணியை முன்னே தள்ளி ஆடவைத்தார். மிச்சமிருந்த 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளி. நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 4-1 என்று நொறுக்கி, மறு ஆட்டத்தில் 2-4 தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5 என முன்னேறினார்கள். வல்ஸ்கிஸ் 15 கோலோடு, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வென்றார். இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14, கோவாவில், கொரோனாவால் ஆளில்லாத அரங்கில். கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என வென்றது. காலி நாற்காலிகளுக்கு நடுவே வல்ஸ்கிஸ் அடித்த கோலுக்குக் கைதட்டக்கூட ஆளில்லை.

நோயைச் சரியாகக் கண்டு மருந்து கொடுத்த மாற்றம் அது. பிறகு கோய்லைத் தக்கவைக்க முடியாமல் போனது. அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வல்ஸ்கிஸும் கூடவே போனார். 2021-22இல் லீக் கட்டத்தில் முதலிடம் பிடிப்பவருக்கான ஷீல்டு அங்கே வந்து சேர்ந்தது. இன்னும் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

வந்தவர் காப்பாற்றிவிட்டார். அவரையே தொடரவிடலாமா?

கேரி ஓ’நீல் போர்ன்மவுத்தை 39 புள்ளியோடு 15ஆம் இடத்தில் கரைசேர்த்தார். 2023 ஜூனில் அவரை நீக்கினார்கள். நன்றி கெட்டவர்கள் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் கொதித்தன. நானும் என் பங்குக்குக் கொதித்தேன். பதிலுக்கு வந்தவர் யார்? லீட்ஸ் கேட்டும் கிடைக்காத அதே இராவோலா. நிர்வாகம் நெருக்கடி ஏதுமின்றிக் கோடையில், அவருடைய ஒப்பந்தம் முடிந்த நேரத்தில், பேசி முடித்திருந்தது.

முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் இராவோலாவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 6-1 என்று மான்செஸ்டர் சிட்டியிடம் வாங்கிய அடியும் அந்த இலையுதிர் காலத்தில்தான். ஓ’நீலோ அதற்குள் வுல்வ்ஸில் வேலைக்குச் சேர்ந்து சிட்டியையே வென்றிருந்தார். அக்டோபரில் போர்ன்மவுத்துக்கு வந்து பழைய கிளப்பையும் தோற்கடித்துவிட்டுப் போனார். அன்று மைதானத்தில் இருந்த ஒவ்வொருவரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகம் அசையவில்லை. பருவம் முடிந்தபோது போர்ன்மவுத் 48 புள்ளி. பிரீமியர் லீக்கில் அதுவரை அந்தக் கிளப் எடுத்ததிலேயே அதிகம்.